லாஸ்ட் டச்மேன் தங்கத்தைத் தேடி ஒரு காதல் கதை: கணக்குச் சரிபார்க்க உதவி தேவை (இணைய மன்ற உரையாடல், பேசுகிறவர்கள் புனைபெயர்களில்)

அரைப்பக்கம்:

வணக்கம். அரிசோனாவின் சூப்பர்ஸ்டிஷன் மலையில் நடக்கிற மாதிரி ஒரு ஜாலியான காதல் குறுநாவல் எழுதுகிறேன். காலம் 1892 ஜூன். நாயகி ஃபீனிக்ஸில் ஒரு பேக்கரியில் வேலை பார்ப்பவள். நாயகன் கோவேறு கழுதைகளை வாடகைக்கு விடுகிறவன், வாய்த்துடுக்கு அதிகம். "டச்மேன்" என்று எல்லாரும் கூப்பிட்ட, செத்துப்போன ஜெர்மன் கிழவர் ஜேகப் வால்ட்ஸ் ஒளித்துவைத்த தங்கத்துக்கு வழி சொல்லும் காகிதம் ஒன்று அவளிடம் சிக்குகிறது. அதில் இருப்பது ஒரே வரி: "மாலை நான்கு மணிக்கு வீவர்ஸ் நீடில் பாறையின் நிழல் நுனி விழும் இடத்திலிருந்து தெற்கே 300 வாரா." (வாரா ஒரு பழைய ஸ்பானிய நீள அளவு.) இருவரும் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பெட்டி நிறைய இருபது டாலர் காசு கிடைக்கிறது, ஒரே குதிரையில் பெட்டியோடு ஏறித் திரும்புகிறார்கள். சுபம்.

எனக்கு இருக்கிற சந்தேகங்கள்: அந்த நிழல் குறிப்பு உண்மையிலேயே வேலை செய்யுமா? பெட்டி எவ்வளவு கனம் இருக்கும்? வழியில் என்ன சாப்பிடுவார்கள்? கிடைத்தது சட்டப்படி யாருக்குச் சொந்தம்? பாம்பு ஒன்று வந்து நாயகி அலறி அவன்மேல் சாய்கிற காட்சியும் வைத்திருக்கிறேன், அது சரிதானே?

நிழற்கடிகாரம்:

முதலில் காலம். வால்ட்ஸ் இறந்தது 1891 அக்டோபர் 25. அந்த வருடம் பிப்ரவரியில் சால்ட் ஆறு பெருக்கெடுத்து அவருடைய நிலத்தை அடித்துப்போனது. அதன்பின் நோயில் விழுந்தவரைப் பார்த்துக்கொண்டவர் ஜூலியா தாமஸ். இவர் உண்மையாகவே ஃபீனிக்ஸில் பேக்கரி நடத்தியவர். 1892 ஆகஸ்டில், கொளுத்துகிற வெயிலில், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்க் கையை விரித்துக்கொண்டு திரும்பினார். உங்கள் நாயகி அவரிடம் வேலை செய்கிறவளாக இருந்தால் காகிதம் அவள் கைக்கு எப்படி வந்தது என்று தனியாக விளக்கவே வேண்டாம். முதலாளியம்மாவை முந்திக்கொள்ளப் பார்க்கிறாள் என்ற வேடிக்கையும் சேர்ந்துவிடும்.

"டச்மேன்" என்ற பெயரையும் கவனியுங்கள். அன்றைய அமெரிக்கப் பேச்சில் ஜெர்மன்காரரையும் டச் என்றுதான் சொல்வார்கள். வால்ட்ஸுக்கும் ஹாலந்துக்கும் சம்பந்தமில்லை. உங்கள் நாயகன் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு அவளிடம் குட்டு வாங்கலாம்.

இனி நிழல். மாதம் சொல்லாத நிழல் குறிப்புக்கு மதிப்பே இல்லை. அந்த மலை ஏறக்குறைய 33.4 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சூரிய நேரப்படி மாலை 4 மணிக்கு, ஜூன் 21 அன்று சூரியன் அடிவானத்திலிருந்து 37 பாகை உயரத்தில் நிற்கும். நிழல் பாறையின் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல், திசை ஏறக்குறைய நேர்கிழக்கு. டிசம்பர் 21 அன்று அதே நாலு மணிக்குச் சூரியன் ஒன்பதரை பாகைதான். நிழல் ஆறு மடங்கு, திசை வடகிழக்கு. வீவர்ஸ் நீடிலின் தூண் சுமார் 300 மீட்டர். ஆக ஜூனில் நுனி 400 மீட்டர் தள்ளி, டிசம்பரில் 1,800 மீட்டர் தள்ளி, அதுவும் 40 பாகைக்கு மேல் திசை மாறி. இது சமதரைக்கான கணக்கு. அங்கே சுற்றிலும் மேடும் பள்ளமும் என்பதால் எதிர்முகடு நிழலைப் பாதியிலேயே பிடித்துவிடும்.

இன்னொன்றை யாரும் எழுதுவதே இல்லை. நிழல் நுனி கூர்மையாக விழாது. சூரியன் புள்ளியல்ல, அரை பாகை அகலமுள்ள தட்டு. 1,800 மீட்டர் தள்ளிப் போகும்போது நுனி கலங்கி, தரையில் 100 மீட்டர் நீளத்துக்குச் சாம்பல் மங்கலாகக் கரைந்திருக்கும். ஜூனில் இதே மங்கல் 8 மீட்டர்தான். டிசம்பரில் நேரமும் இரக்கம் காட்டாது: 3.50க்கு நுனி 1,530 மீட்டரில் இருக்கும், 4.00க்கு 1,800. பத்து நிமிடம் கடிகாரம் தப்பினால் 270 மீட்டர் போச்சு. அவன் சட்டைப்பை கடிகாரம் காட்டுவது ரயில்வே நேரம். மலையில் சூரிய நேரம் வேறு.

என் யோசனை, காகிதத்தில் டிசம்பர் 21 என்று நாளையும் சேர்த்து, கதையை 1891 டிசம்பருக்கு நகர்த்துங்கள். கிழவர் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும், ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். அவர்கள் நவம்பர் கடைசியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டு, "நிழல் இன்னும் முழுசாக நீளவில்லை" என்று மூன்று வாரம் மலையடியில் காத்துக்கிடக்க வேண்டிவரும். காதல் கதைக்கு இதைவிட நல்ல சாக்கு வேறென்ன? நாள் வந்ததும் மங்கலின் இரண்டு முனையில் இரண்டு பேரும் நின்று "இங்கேதான் நுனி" என்று நூறு மீட்டர் இடைவெளியில் கத்திக்கொள்ளட்டும். அன்று சூரியன் மறைவது ஐந்து மணிக்குச் சற்று முன். இருட்டில் இறங்க முடியாது, இரவு அங்கேயே.

பொதிக்கழுதை:

பெட்டியோட ஒரே குதிரையில ரெண்டு பேரா? குதிரை பாவம்ங்க.

கணக்கைப் பாருங்க. 450 கிலோ குதிரை சுமக்கிறது அதோட எடையில அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 90 கிலோ. ஆள் 70, மேற்கத்திச் சேணம் 15க்கு மேல. அவன் ஒருத்தன் ஏறினதுமே கோட்டா முடிஞ்சுது. இப்ப பெட்டி. 30க்கு 20க்கு 20 சென்டிமீட்டர், நம்ம வீட்டு மசாலாப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, 12 லிட்டர் கொள்ளும். தங்கத்தோட அடர்த்தி 19.3. கட்டித் தங்கமா இருந்தா 231 கிலோ! காசாக் கொட்டினா உலோகக் கலப்பும் இடைவெளியும் போக 124 கிலோ வரும். இருபது டாலர் காசு ஒண்ணு 33.4 கிராம், அப்ப சுமார் 3,700 காசு, 74,000 டாலர். அந்தக் காலத்துல மாடு மேய்க்கிற கௌபாய்க்கு மாசம் 30லேர்ந்து 40 டாலர் சம்பளம். 150 வருசச் சம்பளம் அந்தப் பெட்டியில இருக்கு. ஜாலிக் கதைக்கு இது ரொம்ப அதிகம், படிக்கிறவங்களுக்கே பயம் வந்துரும். 300 காசு வைங்க. 10 கிலோ, 6,000 டாலர். சேணப் பை ரெண்டுலயும் அஞ்சஞ்சு கிலோவாப் போயிரும்.

நாயகன் கழுதைக்காரன்னு சொல்லிட்டீங்க, அப்ப பொதி ஏத்துறது கதையில வந்தே ஆகணும். கோவேறு கழுதைக்கு மலைப்பாதையில 70 கிலோதான் சரியான சுமை. முதல்ல முதுகைத் துடைச்சு, கம்பளியில ஒரு முள்ளு, ஒரு சுருக்கம் இல்லாமப் பார்த்துப் போடணும். அதுமேல மரச்சேணம், முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு பெருக்கல் குறி மாதிரி கட்டை நிக்கும். அந்தக் கட்டையில ரெண்டு பக்கமும் பை தொங்கும். ரெண்டு பையும் ஒரே எடை இருக்கணும், ஒரு கிலோ வித்தியாசம் வந்தாலே ஏத்தத்துல சேணம் ஒரு பக்கம் சாயும். சாஞ்சா முதுகு புண்ணாகும், புண்ணான கழுதை நாலு நாளைக்கு ஆகாது. தராசு இல்லாத இடத்துல ரெண்டு பையையும் ரெண்டு கையில தூக்கிப் பார்த்துக் கல்லைப் போட்டுச் சமன் பண்ணுவாங்க. அப்புறம் மேல கயிறு வைர வடிவத்துல விழற மாதிரி ஒரு கட்டு, டயமண்ட் ஹிட்ச். அதை ஒரு ஆள் தனியாக் கட்டலாம், ஆனா ரெண்டு பேர் கழுதைக்கு ரெண்டு பக்கமும் நின்னு "இழு", "விடு"ன்னு கட்டினாத்தான் இறுகும். முகம் தெரியாது, குரல் மட்டும்தான் கேக்கும். இந்த இடத்தை விட்டுறாதீங்க.

ஒரு விஷயம் முக்கியம். கழுதை கில்லாடி, வாரை இழுக்கும்போது வயித்தை உப்பிக்கும். உடனே கிளம்பினா அரை கிலோமீட்டர்ல வார் தொளதொளன்னு ஆயிரும். பத்து நிமிசம் நடத்திட்டுத் திரும்ப இழுத்துக் கட்டணும். நாயகிக்கு இது தெரியாது. அவ கட்டின பொதி கழுதை வயித்துக்குக் கீழ போய்த் தொங்கினா முதல் சண்டை ரெடி.

தங்கம் மாதிரி சின்னதா, கனமா இருக்கிற சாமானைப் பையோட அடியில சும்மாப் போட்டா ஒவ்வொரு அடிக்கும் விலாவுல இடிக்கும். துணியில சுத்தி, பை நடுவுல, சுத்தி வைக்கோல் திணிச்சு, அசையாம வைக்கணும்.

தண்ணி: ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். கழுதை, குதிரைக்கு 20லேர்ந்து 40 லிட்டர், அதைச் சுமக்கவே முடியாது. அதனால ஊத்துலேர்ந்து ஊத்துக்குத்தான் போக முடியும். அந்த மலைக்குள்ள லாபார்ஜ் பள்ளத்தாக்குல ஊத்து இருக்கு. முகாம் எங்கன்னு வரைபடம் சொல்லாது, தண்ணிதான் சொல்லும்.

உரைகல்:

நிலவியல் பக்கம் சுருக்கமாக. சூப்பர்ஸ்டிஷன் மலை பழைய எரிமலை. உள்ளே பெரும்பாலும் எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, தங்கத்துக்குத் தோதான இடமல்ல. அதே மலையின் மேற்கு விளிம்பில், சமவெளியை ஒட்டி, கோல்ட்ஃபீல்ட் என்ற இடத்தில் 1892ல் தங்கம் அகப்பட்டது. 1893ல் ஊரே முளைத்தது, பிறகு பாறைக்குள் ஓடிய தங்கரேகை கைவிட்டதும் காலியானது. ஃபீனிக்ஸிலிருந்து மலைக்குப் போகிறவன் முதலில் வந்து சேர்வது அந்த விளிம்புக்குத்தான்.

கதை 1891 டிசம்பருக்கு நகர்ந்தால் இதன் அழகு தெரியும். முதல் ராத்திரி எங்கே கழுதைகளை அவிழ்த்துவிட்டுச் சண்டை போட்டார்களோ, அதே இடத்தில் தங்கம் காலடியில் கிடக்கிறது, யாருக்கும் தெரியாது. மலைக்குள் போய் வாரக்கணக்கில் நிழலைத் துரத்திவிட்டு வெறுங்கையாகத் திரும்பும்போது அதில் கால் இடறட்டும். காசுப் பெட்டியே வேண்டாம் என்பேன்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அரித்துத்தான். அரிசியில் கல் அரிக்கத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல, அங்கே கல் அடியில் தங்கி அரிசி மேலேறும், இங்கே அடியில் தங்குவது தங்கம். 35 சென்டிமீட்டர் தட்டில் ஓடைமண்ணை முக்கால் பங்கு போட்டு, தண்ணீருக்குள் மூழ்கவைத்து, கட்டியைக் கையால் உடைத்து, பெரிய கல்லைக் கழுவி எறியவேண்டும். பிறகு பக்கவாட்டில் நன்றாகக் குலுக்கவேண்டும். கனமானது அடியில் இறங்குவது இந்தக் குலுக்கலில்தான், அவசரக்காரர் கோட்டை விடுவதும் இங்கேதான். அதன்பின் தட்டைச் சற்று முன்பக்கம் சாய்த்து, முன்னும் பின்னும் அசைத்து, மேல்மண்ணை அலை அலையாகத் தள்ளிவிட்டு, திரும்பக் குலுக்கி, திரும்பச் சாய்த்து. கடைசியில் ஒரு கரண்டி கருமணல் மிஞ்சும். அது மாக்னடைட் என்ற இரும்புத் தாது, காயவைத்து, காகிதத்தில் சுற்றிய காந்தத்தை மேலே காட்டினால் ஒட்டிக்கொண்டு பிரிந்துவிடும். தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தங்கப்பொடி மிதந்து ஓடிவிடும். பன்றி இறைச்சி வறுத்த அதே தட்டில் அரிப்பது கதைகளில் சகஜம். முதலில் அதைத் தணலில் காய்ச்சிப் பிசுக்கை எரித்துவிடவேண்டும். பேக்கரிப் பெண்ணுக்கு இது தோன்றும், அவனுக்குத் தோன்றாது.

நடுவில் ஒரு ஏமாற்றமும் வேண்டும். பைரைட் வையுங்கள். சுத்தியலால் தட்டினால் பைரைட் நொறுங்கும், தங்கம் தட்டையாகும். மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரசினால் பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும், தங்கம் மஞ்சளாகவே போடும். உடைந்த கோப்பையின் அடிவிளிம்பு போதும், அங்கே மெருகு இருக்காது.

அரைப்பக்கம்:

ஐயோ, கதையே மாறிப்போச்சு! ஆனால் இது நன்றாக இருக்கிறது. டிசம்பர் 1891, பெட்டி இல்லை. சாப்பாடும் பாம்பும் மிச்சம்.

மூணாங்கல்லடுப்பு:

பாம்பை எடுத்துவிடுங்கள். டிசம்பரில் ரேட்டில் பாம்பு வளைக்குள் சுருண்டு கிடக்கும். அலறிச் சாய்கிற நாயகியும் வேண்டாமே, 1891ல் அந்தப் பக்கத்துப் பெண்கள் அப்படி இல்லை. நெல்லி காஷ்மன் என்ற பெண் டூம்ஸ்டோனில் உணவகம் நடத்திக்கொண்டே சுரங்கம் தேடிப் பாலைவனம் அலைந்தவர்.

பாம்புக்குப் பதில் கள்ளி. சோயா என்று ஒரு கள்ளி இருக்கிறது (பீன்ஸ் அல்ல). உரசினாலே உருண்டை உருண்டையாகக் கழன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் தாவும் கள்ளி என்பார்கள். முள்ளின் நுனியில் பின்னோக்கிய நுண்செதில்கள் உண்டு, உள்ளே சுலபமாகப் போகும், வெளியே வராது. கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஒட்டிக்கொள்ளும். முறை இதுதான்: சீப்பின் பற்களைத் தோலுக்கும் உருண்டைக்கும் நடுவே செருகி, எதிரே ஆள் இல்லாத திசை பார்த்து ஒரே சுண்டு. உருண்டை பறக்கும், ஐந்தாறு முள் நிற்கும். அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக, போன கோணத்திலேயே இழுக்கவேண்டும். நடுங்காத கை, நல்ல வெளிச்சம், அரைமணி நேரம். முள் அவனுக்குக் குத்தட்டும், சீப்பு அவளுடையதாக இருக்கட்டும். வாய்த்துடுக்குக்காரன் அரைமணி நேரம் பேசாமல் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

தமிழில் எழுதுவதால் உங்களுக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதி உண்டு. அவர்கள் "மிஸ்" போட்டுக் கூப்பிட்டு, ஒரு நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நமக்கு "நீங்க" "நீ" ஆகிற இடம் இருக்கிறது. அதைக் கதை முழுக்கச் சேர்த்துவைத்து, கடைசி முள் வெளியே வரும்போது அவள் வாயிலிருந்து தவறிவிழ வையுங்கள். இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி நடிக்கவேண்டும். கௌபாய்க்குக் கோவைத்தமிழோ மதுரைத்தமிழோ கொடுத்துவிடாதீர்கள், சிரிப்பு தப்பான இடத்தில் வரும். சிவகாசி காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்குக் கொஞ்சம் நாடகத்தனமான பொதுத்தமிழே கௌபாய் பாஷையாகக் காதில் பதிந்துவிட்டது. அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: மாவு, உப்புப் பன்றி, காய்ந்த பீன்ஸ், காப்பி. பீன்ஸை ராத்திரியே ஊறப்போட்டாலும் வேக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். "சட்டென்று பீன்ஸ் செய்தார்கள்" என்று எழுதினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ரொட்டிக்குக் கனத்த இரும்புச் சட்டி. மூடியின் விளிம்பு உயர்ந்திருக்கும், அதன்மேலும் தணலை அள்ளிப்போடுவார்கள். அடியில் கொஞ்சமாக, மேலே அதிகமாக. மாற்றிப் போட்டால் அடி கரிந்து நடு மாவாக நிற்கும். அவன் அப்படித்தான் செய்வான், அவள் ஒரு வார்த்தை பேசாமல் தணலை மாற்றிவைப்பாள்.

காப்பிதான் உங்கள் புதையல். ஆர்பக்கிள்ஸ் என்ற கம்பெனி காப்பிக்கொட்டையை வறுத்து ஒரு பவுண்டு பொட்டலமாக விற்றது. மேற்கில் எல்லா முகாமிலும் அதுதான். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு புதினா மிட்டாய்க் குச்சி இருக்கும். காப்பி அரைக்கிறவருக்கே மிட்டாய் என்பது முகாம் வழக்கம், அதற்காகவே அரைக்கப் போட்டி நடக்கும். முதல் பொட்டலத்தில் இருவரும் காப்பி அரைக்கும் கருவிக்குச் சண்டை போடட்டும். இரண்டாவதில் அவன் அரைத்துவிட்டு மிட்டாயை அவள் குவளைக்குள் போட்டுவைக்கட்டும். எதுவும் சொல்லவேண்டாம்.

ஒரு வேண்டுகோள். அபாச்சிகளைப் புதையல் காக்கும் பூதமாக ஆக்காதீர்கள். ஜெரோனிமோ சரணடைந்தது 1886 செப்டம்பரில். 1891ல் அவர்களில் பெரும்பாலோர் ஒதுக்கீட்டு நிலங்களில் அடைபட்டு இருந்தார்கள். ஜாலிக் கதையில் அந்தப் பயமுறுத்தல் ஒட்டாது.

பட்டா_சிட்டா:

சொந்தம் யாருக்கு என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. சுரங்கம் வேறு, ஒளித்த காசு வேறு. இப்போது நீங்கள் சுரங்கத்துக்கு மாறிவிட்டதால் வேலை சுலபம். 1872ம் வருடச் சுரங்கச் சட்டப்படி பொதுநிலத்தில் தங்கரேகை கண்டவர் அதன் போக்கில் 1,500 அடியும், ரேகைக்கு இரு பக்கமும் 300 அடி வரையும் உரிமை கோரலாம். மீட்டரில் 457க்கு 183. அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகனாகப் போகிறேன் என்று அறிவித்தவராகவோ இருந்தால் போதும். ஆணா பெண்ணா என்று சட்டம் கேட்கவில்லை.

செய்யவேண்டியது: கண்ட இடத்தில் கல்லைக் குவிக்கவேண்டும், எல்லையில் முளை அடிக்கவேண்டும், சுரங்கத்துக்குப் பெயர், கண்டவர் பெயர், தேதி, எல்லை அடையாளம் எழுதிய அறிவிப்பைக் குவியலில் வைக்கவேண்டும், பிறகு கவுண்டிப் பதிவாளரிடம் அதையே பதியவேண்டும். பதிய முந்தாதவர் வம்பில் மாட்டுவார். அன்றைய விதிப்படி வருடாவருடம் 100 டாலர் மதிப்புக்கு அங்கே வேலை செய்யாவிட்டால் அடுத்தவர் வந்து முளை அடித்துக்கொள்ளலாம். ஆக இருவரும் வருடத்துக்கு ஒருமுறையாவது அங்கே சேர்ந்து போயே ஆகவேண்டும்.

அறிவிப்பில் கண்டவர்கள் என்று இரண்டு பெயர் எழுதலாம். யார் பெயர் முதலில் என்று ஒரு சண்டை, பிறகு அவன் அவள் பெயரை முதலில் எழுதிவிட்டுத் தன் பெயரை எழுதத் தயங்கி நிற்பது. மோதிரத்தைவிட இது அந்த மண்ணுக்குப் பொருந்தும்.

இதே கதையை இன்றைக்கு நடப்பதாக மாற்றிவிடாதீர்கள். சூப்பர்ஸ்டிஷன் காடு இப்போது பாதுகாக்கப்பட்ட வனாந்தரம், 1984 தொடக்கத்திலிருந்து அங்கே புதிதாகச் சுரங்க உரிமை கோரமுடியாது.

நிழற்கடிகாரம்:

"300 வாரா" பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். வாரா என்பது ஸ்பானிய அளவு, சுமார் 84 சென்டிமீட்டர். கெஜம் 91.44. அவன் மெக்சிகோக்காரரிடம் தொழில் கற்றவன் என்றால் வாராவில் அளப்பான், 252 மீட்டரில் நிற்பான். அவள் அதைக் கெஜம் என்று நினைத்து 274ல் நிற்பாள். இருவர் கணக்கும் அவரவர் வழியில் சரி, குழி மட்டும் இரண்டு. தமிழ் வாசகருக்கு "வாரா" என்ற சொல்லே தங்கம் வராது என்று முன்கூட்டிச் சொல்லிவிடும், இதை வசனத்தில் விளக்கிக் கெடுத்துவிடாதீர்கள்.

அரைப்பக்கம்:

அத்தனை பேருக்கும் நன்றி. பாம்பு, பெட்டி, ஜூன் மூன்றையும் தூக்கியாச்சு. கடைசியாக ஒன்று, அந்த அறிவிப்புக் காகிதம் மழையில் நனையாதா?

பட்டா_சிட்டா:

தகர டப்பாவில் போட்டுத்தான் வைப்பார்கள். புகையிலை டப்பா, இல்லாவிட்டால் பேக்கிங் பவுடர் டப்பா. உங்கள் நாயகியிடம் எது இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மூடி கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைத்து மேலே தட்டைக்கல் ஒன்று, தண்ணீர் இறங்காது. டப்பாவில் மிச்சமிருக்கும் பவுடரை நன்றாகத் தட்டிவிட்டுக் காகிதத்தைப் போடச் சொல்லுங்கள், எழுத்தில் ஒட்டிக்கொள்ளும்.